சேனை வைக்காத கை

"சம்மந்தி, ஒங்க கையால சேனை வைங்க. பிள்ளைக்கு ஒங்க கண்ணு வரணும்."

முனீஸ்வரன் நீட்டிய வெள்ளிச் சங்கை வெள்ளத்துரை வாங்கவில்லை. அன்று அதிகாலையில் பிறந்த பேரன், அருப்புக்கோட்டை மருத்துவமனை அறையில், மகள் பிருந்தாவின் பக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்தான்.

"வேற யாராச்சும் வைக்கட்டும் சம்மந்தி," என்றார் வெள்ளத்துரை, தலையைக் குனிந்தபடி.

"வேற யாரு வைக்கிறது? மொதல்ல சீனித் தண்ணி தொட்டு வைக்கிறவுக குணந்தான பிள்ளைக்கு வரும்? பாளையம்பட்டியில வத்தல் மண்டிக்கா பஞ்சம்? ஆனா ஒரு பிடி மிளகா வத்தலை அள்ளிப் பார்த்ததுமே தரம் சொல்ற கண்ணு ஒங்களுக்குத்தான். வீரசோழன் சந்தைக்காரக வரைக்கும் ஒங்க மண்டியத்தான தேடி வாராக."

"எனக்கு வேண்டாம். நீங்களே வைங்க."

"நான் வச்சா என்னைய மாதிரி மத்தியானம் சாப்பிட்டதும் கல்லாவுல உக்காந்தே தூங்குவான்."

யாரும் சிரிக்கவில்லை. முனீஸ்வரனின் மனைவி தங்கச்செல்வி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"விடுங்க. அவுகளுக்குக் கை கூசுது போல. மண்டிக்காரகளுக்கு நரிக்குடி மளிகைக் கடைப் பேரன் எளக்காரமாத்தான் தெரிவான்."

வெள்ளத்துரையின் காது மடல்கள் சூடேறின. ஒருவரையும் தாழ்வாக நடத்தினார் என்ற பேச்சுக்கு இடம் கொடாமல் வாழ்ந்தவர். ஆனாலும் சங்கை வாங்கக் கை நீட்டவில்லை.

பிருந்தாவின் முகம் சுருங்கிவிட்டது. "அத்தை, மாமாவோட கொஞ்சம் வெளியில இருங்க. நான் அப்பாகிட்டப் பேசுறேன்."

கதவு சாத்தியதும் கேட்டாள். "ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க? பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் அந்த வீட்டுக்குத்தான போகணும்? காலத்துக்கும் இதைச் சொல்லிக் காட்ட மாட்டாகளா?"

"என்கிட்ட இருக்கிறது அவனுக்கு வரக்கூடாதும்மா."

"ஊரே மெச்சுற ஆளு நீங்க. என்ன வந்துரும்?"

 வெள்ளத்துரையின் மனைவி முத்துமாரியம்மாள், ஏற்கெனவே கரைந்துவிட்ட சீனியை இன்னும் கலக்கிக்கொண்டிருந்தாள்.

பிருந்தா திருச்சுழியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவள். பிள்ளைப்பேற்றின் களைப்பிலும் அவளுக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது.

"அப்பா, சங்குல இருக்கிறது வெறும் சீனித் தண்ணி. அரிசி, கம்பு மாதிரி அதுவும் கார்போஹைட்ரேட் வகைதான். ஒடம்புக்கு வெறகு மாதிரி. எரிஞ்சு தெம்பைக் குடுத்துட்டுப் போயிரும். எண்ணெய் நெய்யின்னு வச்சுக்கிட்டாலும், கொழுப்பு நாளைக்கு ஆகும்னு தங்கும், செல்லுக்குச் சுவரா நிக்கும். முட்டை, பருப்புல உள்ள புரதம் சதையக் கட்டும். சாப்பிட்டா செரிச்சுப் போற இதுக எதுவும் ஒரு ஆளு குணத்தை இன்னொரு ஆளுக்குத் தூக்கிட்டுப் போகாதுப்பா."

"நெசமாவா சொல்ற? இது வழியா என்கிட்ட இருந்து ஒண்ணும் போகாதா?"

"எள்ளளவும் போகாது. தாய்ப்பாலைத் தவிர எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. அதனால ஊத்த வேண்டாம். அவுக மனசுக்காக, உதட்டுல ஈரம் படுற மாதிரி விரலை வச்சு எடுங்க. போதும்."

வெள்ளத்துரை நிமிர்ந்தார். அவரே போய்க் கதவைத் திறந்து சம்பந்திகளைக் கூப்பிட்டார். சுண்டு விரலை நனைத்து, உதறி, பேரனின் உதட்டில் வைத்து எடுத்தார். பிள்ளை முகத்தைக் கோணியது.

"பாத்தியா, இப்பவே தரம் பாக்குறான்," என்றார் முனீஸ்வரன். தங்கச்செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "தப்பா நெனச்சுக்கிறாதீங்க அண்ணே," என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் காப்பி வாங்கக் கணவரோடு கீழே இறங்கினாள்.

வெள்ளத்துரை பேரனின் பாதத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். பாரம் இறங்கிய குரலில் கேட்டார்.

"அப்ப, எங்ககிட்ட இருக்கிறது பேரனுக்கு எது வழியாத்தாம்மா போகும்?"

"அதுக்கு டி.என்.ஏ.ன்னு தனியா ஒண்ணு இருக்குப்பா. நீங்க குடுத்தது எனக்குள்ள இருக்கு. என்கிட்ட இருந்து அவனுக்குப் போயிருக்கு. தோலு, முடி, கண்ணு எல்லாத்துக்கும் எந்தப் புரதத்தை எப்படிச் செய்யணும்ங்கிற உத்தரவு அதுலதான் இருக்கு."

பாதத்தைத் தடவிய கை நின்றது.

"கண்ணுக்குமா?"

"கண்ணுக்குந்தான்."

"ஒன் கண்ணுல ஒரு கோளாறும் இல்லையேம்மா."

"சில கோளாறு அப்படித்தான்ப்பா. அப்பாகிட்ட இருந்து மகளுக்கு வந்து, வெளியில காட்டாம ஒளிஞ்சிருக்கும். அவ பெத்த மகன்கிட்ட வெளியில வரலாம், வராமலும் போகலாம். கரு உண்டாகும்போதே முடிவாயிரும். ஏம்ப்பா கேக்குறீங்க?"

வெள்ளத்துரை தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மகள் பார்க்க அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

முத்துமாரியம்மாள் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"விடுங்க. எது செவப்பு, எது பச்சைன்னு மண்டியில இத்தனை வருசமா நான் ஒங்க காதுக்குள்ள சொல்லலையா? அவனுக்கும் ஒருத்தி வராமலா போயிருவா?"