சாய்த்துப் பிடித்த டார்ச்

சர்... சர்... சர்...

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. ராத்திரி மணி பதினொன்று.

தோளில் குழந்தை அசைந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எட்டு நாளாக இதே சத்தம், சரியாக என் கதவுக்கு வெளியே.

கதவு என்று பேர்தான். மழையில் ஊதிப்போய்ச் சட்டத்தில் முழுசாக உட்காராது. தாழ்ப்பாள் துளைக்கு அரை விரல் தள்ளியே நிற்கும். "வேலை முடிஞ்சு வந்ததும் கார்பென்டரைக் கூப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கணவர் போன வாரம் வெளியூர் போய்விட்டார். நான் தினமும் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, தூங்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன்.

சர்... சர்...

இடுக்கு வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர். தன் வாசற்கதவைத் திறந்துபோட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான வராந்தாவில் சம்மணமிட்டு, டார்ச் வெளிச்சத்தில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாங்கி, கீறல் போக்கி விற்பவர். இதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தெரியாத ஆண்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதென்று கான்வென்ட் சிஸ்டர்கள் பன்னிரண்டு வருஷம் சொன்னது, பிள்ளை பெற்ற பிறகும் என்னை விடவில்லை.

குழந்தை வீறிட்டாள். என் பொறுமையும் போயிற்று. நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் துடைப்பக் கட்டையுமாகக் கதவைத் திறந்தேன்.

"இது என்ன நேரம் சார்? பகல்ல செய்யக் கூடாதா?"

அவர் கட்டையைப் பார்த்தார். "பெருக்கப் போறீங்களாம்மா? கொஞ்சம் இருங்க, இன்னும் தூசி வரும்."

"வீட்டு ஓனர்கிட்ட புகார் பண்ணப் போறேன்."

"பண்ணுங்க. ஆனா கீறல் இருட்டுலதான் கண்ணுல படும்." மடியிலிருந்த பெட்டியைக் காட்டினார். "நேரா வெளிச்சம் அடிச்சா ஒண்ணும் தெரியாது. இப்படிச் சாய்ச்சுப் பிடிக்கணும்."

டார்ச் சாய்ந்ததும் வழவழப்பான மூடியில் கோடு கோடாகக் கீறல்கள் எழுந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர், நைஸான உப்புத்தாள், நாலு தேய்ப்பு. ஒரு கோட்டைக் காணோம்.

"பழசைப் புதுசுன்னு ஏமாத்தி விக்கத்தானே?"

"பழசுன்னு சொல்லித்தாம்மா விக்கிறேன். முகம் கழுவின பழசு."

சிரிப்பு வந்தது. சிஸ்டர்களை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

டார்ச் அப்படியே என் கதவின் விளிம்புக்குத் திரும்பியது. "அடியில ஒரு இடம் பளபளன்னு தேஞ்சிருக்கு பாருங்க. அங்கதான் சட்டத்துல இடிக்குது. தேய்ச்சு எடுத்துடட்டுமா?"

நான் கதவைவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் சொரசொரப்பான தாள் ஒன்றை மரத்துண்டில் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தார். அதே சத்தம்தான், கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி. குழந்தை அழுகையை மறந்து வேடிக்கை பார்த்தாள்.

அரை மணி நேரம் போயிருக்கும்.

"இப்பச் சாத்திப் பாருங்க."

சாத்தினேன். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு துளைக்குள் இறங்கியது.

"தேங்க்ஸ் சார்," என்றேன் உள்ளிருந்தே. புகாரை அப்படியே விடவும் மனசில்லை. "ஆனா நாளைலேர்ந்து பகல்லயே தேய்ங்க, ப்ளீஸ்."

"சரிம்மா."

வெளியே தட்டுமுட்டுச் சாமான்களை அள்ளும் சத்தம். கூடவே அவர் மனைவியின் தூக்கக் கலக்கமான குரல்.

"என்னங்க, அந்தப் பொண்ணு வீட்டுத் தாழ்ப்பாள் விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சு. இனிமே நாற்காலி இழுக்கிற சத்தம் கேக்காது."

"இதை முதல் நாளே கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாமே."

"நம்மளைப் பார்த்தாலே உள்ள ஓடுற பொண்ணு. ராத்திரி போய்த் தட்டினா பயந்துடாதா? இன்னைக்கு அதுவாத்தான் திறந்துச்சு. துடைப்பத்தோட."

"நல்லா வேணும். பகல்ல ஜன்னலைச் சாத்திக்கிட்டுச் செய்யுற வேலையை, காவலுக்குன்னு எட்டு ராத்திரி வராந்தாவுல உக்காந்து செஞ்சீங்களே, முதுகு என்னாச்சு? வந்து படுங்க."

எட்டு நாளில் முதல் முறையாக, எதிர்வீட்டுத் தாழ்ப்பாளும் உள்ளேயிருந்து விழுந்தது.