நடுமேட்டுப் புல்

இரண்டு காட்டெருமை மந்தைகளுக்கு நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்குள் இருந்த புல்மேடு யாருக்குச் சொந்தம் என்று கோடையில் சண்டை மூண்டு, இரு பக்கமும் பல உயிர்கள் போயின. லிண்டி என்ற எருமையின் கன்றும் அந்த மேட்டிலேயே விழுந்து செத்தது.

மழை வந்ததும் சமாதானம் பேச மந்தை லிண்டியையே அனுப்பியது. கன்றைப் பறிகொடுத்தவள் போய்க் கேட்டால் எதிர்ப்பக்கம் மறுக்காது என்று தலைவன் நினைத்தான்.

அக்கரையிலிருந்து தெம்பா என்ற நொண்டிக் காளை வந்தான். இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்று பேசினார்கள். இனி இரு மந்தையிலும் யாரும் மேட்டை மிதிக்கக் கூடாது என்று முடிவானது.

"ஒரே ஒரு தடவை நான் மட்டும் போய் வரட்டுமா? என் பிள்ளை கிடக்கிற இடத்தை மோந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்," என்றாள் லிண்டி.

தெம்பா மேட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"என் தம்பியும் அங்கேதான் கிடக்கிறான் அம்மா. உன்னை விட்டால் எங்கள் ஆட்களும் போகவேண்டும் என்பார்கள். அங்கே இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் நின்றால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். ஒப்புக்கொண்டாள்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை இருவரும் ஆற்றில் சந்திக்கிறார்கள்.

"உங்கள் பக்கம் எல்லாரும் சுகமா?"

"சுகம். உங்கள் பக்கம்?"

"சுகம்தான்."

மேட்டில் புல் கொம்பு மறையும் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. காற்றடித்தால் அதன் வாசனை இரண்டு கரைக்கும் வரும். அப்போது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, காற்று ஓயும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.