குறுக்கே விழுகிறவன்

"இந்த இடத்துல நிறுத்துங்க கோச்," என்றாள் சுபைதா.

ஆண்டியப்பன் போனில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினார்.

"பந்து ஷிஹாமுக்குத்தானே வருது? நிரோஷன் எதுக்குக் குறுக்கே விழுறான்?"

"வேகத்துல வந்திருப்பான் மேடம்."

"ஒரு தடவைன்னா வேகம். இந்த ஒரு மேட்ச்ல மட்டும் ஒம்பது தடவை. நான் எண்ணினேன்."

ஹட்டனில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சுபைதாதான் அந்தக் கூடைப்பந்து அணிக்கு முதலாளி. கொழும்புக்குப் போய் லீக் ஆடும் அணி, ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம். பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்தும் 'கார்ட்' இடத்தில் இரண்டு பேர். மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்து நிரோஷனுக்கு வயது முப்பது. ஹட்டன் டவுன் பையன் ஷிஹாமுக்கு இருபத்திரண்டு. அடுத்த சீசனுக்கு இவர்களில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே இருவரிடமும் சொல்லிவிட்டாள்.

"நான் அதைச் சொன்னதுக்கப்புறம்தான் இந்த வேலை ஆரம்பிச்சிருக்கு. சின்னவன் வெளையாட்டு கண்ணுல படக்கூடாதுன்னு பாக்குறான்."

"நிரோஷன் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க மேடம். சின்ன வயசுலேருந்து எனக்குத் தெரியும்."

அதுவும் சுபைதாவுக்கு இடித்தது. கோச்சும் மஸ்கெலியா, அவனும் மஸ்கெலியா.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் பயிற்சியைப் பார்க்கப் போனாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஷிஹாம் எங்கே போனாலும் நிரோஷன் ஒட்டிக்கொண்டே இருந்தான். தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடவே. அடிக்கடி காதில் ஏதோ சொன்னான். பயிற்சி முடிந்து மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஷிஹாமின் கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

மிரட்டுகிறான், சந்தேகமே இல்லை.

ஷிஹாமைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நிரோஷன் உன்கிட்ட என்ன குசுகுசுக்கிறான்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"பயப்படாம சொல்லு. நான் பாத்துக்கிறேன்."

அவன் தரையைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல மேடம்."

அந்தக் குரலில் இருந்த நடுக்கமே அவளுக்குப் போதுமாயிருந்தது. நிரோஷனைக் கடைக்கு வரச்சொன்னாள்.

"ஷிஹாமுக்கு வர்ற பந்தை எல்லாம் நீ ஏன் பறிக்கிற?"



"தப்புன்னு பட்டா என்னை நிறுத்திருங்க மேடம்."

"மறுத்துச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லீங்க. அவன் என்னைவிட நல்லா ஆடுவான். அவனையே வச்சுக்கோங்க."

மாட்டிக்கொண்டதும் நல்லவன் வேஷம் போடுகிறான் என்று நினைத்தாள் சுபைதா.

"அப்ப இந்த மாசத்தோட நீ நின்னுக்கலாம்."

"சரிங்க மேடம்."

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான். சண்டை போடுவான், கெஞ்சுவான் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு அந்த அமைதியே இன்னும் சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை ஷிஹாம் வந்தான். ஒப்பந்தத்தை எடுத்து முன்னால் வைத்தாள். பேனாவைக் கையில் எடுத்தவன், அப்படியே கீழே வைத்துவிட்டான்.

"என்ன, சம்பளம் பத்தலையா?"

"அது இல்ல மேடம். அண்ணன் பேரைக் கெடுத்துட்டு என்னால கையெழுத்துப் போட முடியாது."

"அவன்தானே உன்னை ஆடவிடாம மறைச்சான்?"

"மறைக்கல மேடம். எனக்கு வலது கண்ணு தெரியாது."

சுபைதா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒருத்தருக்குத்தான் இடம்னு நீங்க சொன்னீங்கல்ல, அந்த வாரம் மேட்ச்ல ஒருத்தன் முழங்கை கண்ணுல பட்டுச்சு. அப்பலேருந்து அந்தப் பக்கம் ஒரே இருட்டு. பந்து மூஞ்சிக்கிட்ட வந்தாலும் தெரியாது. அந்தப் பக்கம் வர்றதை எல்லாம் அண்ணன்தான் பாஞ்சு பாஞ்சு எடுத்தாரு."

"அன்னைக்கு நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"



"அண்ணன்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு மேடம். 'நான் பத்து வருஷம் ஆடிட்டேன்டா. இந்தச் சம்பளம் வந்தாத்தான் நீ கண்ணுக்கு வைத்தியம் பாக்கலாம். ஒப்பந்தப் பேப்பர்ல உன் பேரு விழுற வரைக்கும், என்னைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் வாயத் தொறக்காத'ன்னாரு."