பரிசு வாங்கிய வீடியோ

“இந்தம்மா ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு?” என்று முணுமுணுத்தார் மேயர் தோர்கெய்ர். சிறப்பு விருந்தினராக வந்திருந்த, காது கேளாத சுனிவாவுக்கு அதையும் விடாமல் சைகையில் சொன்னான் மொழிபெயர்ப்பாளன் எஸ்கில்.

நகராட்சியின் இணையதளத்துக்கு அன்று விருது. குடிநீர் கெட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று சைகை மொழியில் வீடியோ போட்டதற்காக. எழுத்தைப் படிக்கத் தடுமாறும் காது கேளாதவர்களுக்காக எடுத்தது.

மேயர் அவள் பக்கம் திரும்பினார். “போன மாசம் உங்கப்பா காய்ச்சாத தண்ணியக் குடிச்சு ஆஸ்பத்திரியில கெடந்தாராமே? வீடியோவைப் பாக்கச் சொல்லக்கூடாதா?”

சுனிவாவின் கைகள் அசைந்தன. எஸ்கில் குரல் கொடுத்தான். “அவருக்கும் காது கேக்காது. வீடியோவைப் பாத்துட்டுத்தான் குடிச்சார். உங்க ஆபீசுக்கு எழுதினேன். புகார்னா ஃபோன் பண்ணுங்கன்னு பதில் வந்துச்சு.”

“விழா நாள்ல எதுக்கும்மா இதெல்லாம்?”

திரையில் வீடியோ ஓடியது. நீலச் சட்டைப் பெண்ணின் கைகள் பறந்தன. பார்த்தவர்கள் உருகிப்போனார்கள்.

“மேடைக்கு வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க!” என்று சுனிவாவை அழைத்தார் மேயர்.

ஏறினாள். வீடியோவில் அந்தப் பெண் காட்டியதை அப்படியே காட்டினாள். காது கேளாதவர்கள் கைதட்டும் விதம் என்று சொல்லிக்கொடுத்திருந்தபடி, அரங்கமே இரு கைகளையும் உயர்த்தி ஆட்டியது.

அதன் பிறகுதான் அவள் காட்டியதன் அர்த்தத்தை எஸ்கில் மைக்கில் சொன்னான்.

“‘நான் என்ன சொல்லணும்னு இன்னும் எழுதிக் குடுக்கலையே? கேமரா ஓடுதா என்ன? பசிக்குது, ரொட்டி தின்னுட்டு வந்துடட்டுமா?’ வீடியோ முழுக்க இவ்வளவுதாங்க இருக்கு.”

உயர்த்திய கைகளை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை.