பெட்டிக்குள் ஒருத்தி

தறியை விட்டு இறங்கியதும் கன்னியப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடுகிறான். ஒரு மாதமாகத் தனிப்பாயில் படுக்கிறான், இரண்டு வேளையும் தலை முழுகுகிறான். கருவாட்டுக் குழம்பைக் கண்டால் எழுந்துவிடுகிறான். ஆசையாக வளர்த்த மீசையும் போயிற்று.

“எவ சொல்லி மீசைய எடுத்த?” என்றாள் மனைவி பூவம்மாள்.

“சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. தொடாத, தள்ளி நில்லு.”

அவன் போனதும் தகரப் பெட்டியைக் குடைந்தாள். சிவப்புப் புடவை, புது வளையல், நீளமான சவுரி!

“கவுச்சி துன்னாதவள புடிச்சிக்கீறாம்மா. தெனம் கூரத்துக்குத்தான் போய்க்கினு இருக்கான்” என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்.

“அவ கூந்தலப் புடிச்சித் தெருவுல இழுக்கல, என் பேரு பூவம்மா இல்ல!”

அவன் பெட்டியோடு கிளம்பிய அன்று, பஸ் பிடித்துப் பின்னாலேயே போனாள். கூரத்தில் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்து. கூட்டத்தில் அவனைக் காணோம்.

களத்தில் துச்சாதனன், பாஞ்சாலியின் கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தான். அதே சிவப்புப் புடவை, அதே வளையல். மை தீட்டிய கண்கள் கன்னியப்பனுடையவை. அம்மன் வேஷம் கட்டத்தான் அத்தனை விரதமும். உத்தரவு போட்டது கூத்து வாத்தியார்.

“கூந்தல விடுடா, பாவி!”

ஊரே திரும்பிப் பார்த்தது. கத்தியது பூவம்மாள்தான்.