யார் வாங்கிய மாத்திரை?

“சிஸ்டர், மாத்திரையாவது ஒழுங்கா எடுத்துக் குடுத்தாரான்னு அவரைக் கேளுங்க.”

“சிஸ்டர், அவன் வூட்ல இருந்தப்பவும் எங்கம்மா ரெண்டு தடவை கிறுகிறுத்து வுழுந்துச்சு. மொதல்ல அதை அவன்கிட்ட கேளுங்க.”

அண்ணன் கலையரசனும் தம்பி அறிவரசனும் வார்டு வாசலில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நடுவில் நர்ஸ் மலர்கொடி. அப்பா போனபின் வந்த வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்று நாலு வருஷம். அம்மா சாந்தா மட்டும்தான் பொது. ஒரு மாசம் ரெட்டிபாளையத்தில் பெரியவன் வீடு, மறு மாசம் பெரம்பலூரில் சின்னவன் வீடு. அப்படி ஒரு முறை.

காலையில் சர்க்கரை ரொம்பவும் இறங்கி, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளுக்கோஸ் ஏறி இப்போதுதான் கண் திறந்திருக்கிறாள்.

“இங்க சண்டை போடாதீங்க சார்” என்று சொல்லிவிட்டு மலர்கொடி உள்ளே போனாள். சாந்தாவின் மஞ்சள் பையைக் கட்டிலில் கொட்டினாள்.

இரண்டு சீட்டு. பெரியவன் அரியலூரில் காட்டிய டாக்டர் எழுதியது ஒன்று, சின்னவன் பெரம்பலூரில் காட்டியது ஒன்று. கூடவே இரண்டு மாத்திரை அட்டை. பேர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே சர்க்கரை மருந்து. இரண்டு அட்டையும் பாதி காலி.

“ஏம்மா, ரெண்டையுமா போட்டீங்க? ஒரு டாக்டரோட சீட்டை இன்னொருத்தர்கிட்ட காட்ட வேணாமா? படிக்கத் தெரியலன்னா யாரையாச்சும் கேக்கக் கூடாதா? உசிரே போயிருக்கும்!”

“கேட்டேன் தாயி. போன மாசமே மருந்துக்கடைப் பொண்ணு சொல்லிச்சு, ரெண்டும் ஒண்ணுதான்னு.”

“தெரிஞ்சேவா முழுங்குனீங்க?”

சாந்தா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரல் இறங்கியது.

“பெரியவன் வூட்ல இருந்தா சின்னவன் போன் போடுவான். ‘நான் வாங்கிக் குடுத்ததைப் போட்டியாம்மா?’ம்பான். அங்க போனா இவன் கேப்பான். இல்லைன்னு சொன்னா, ‘அவன் வாங்கிக் குடுத்ததுதான் ஒனக்கு ஒசத்தி’ன்னு மூஞ்சியத் தூக்கிக்குவானுங்க. சாமி கும்புடுற வாயி தாயி. போடாததைப் போட்டேன்னு சொல்ல வரல.”

மலர்கொடியின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“சரிம்மா. இனிமே ஒண்ணுதான் போடணும், டாக்டரும் கண்டிஷனா அதைத்தான் சொல்லுவார். எதை நிறுத்தட்டும்? பெரியவர் வாங்கினதையா, சின்னவர் வாங்கினதையா?”

சாந்தா இரண்டு அட்டைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி குத்தியிருந்த கையாலேயே அவற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டையும் நிறுத்திடு தாயி.”