நீங்கதான் நகரணும்

"உங்க சேட்டிலைட்தான் சார் பாதையை விட்டு விலகி வருது. நாளைக்கு மத்தியானம் எங்களோடது மேல மோதப்போகுது. மூணு நாளா தொண்டைத்தண்ணி வத்தக் கத்திட்டு இருக்கேன்."

கண்காணிப்பு நிலையத்தின் தலைமைப் பொறியாளர், அங்கே எல்லோருக்கும் மேடம், போனை மறு காதுக்கு மாற்றினார். மறுமுனையில் வேறொரு நிறுவனத்தின் அதிகாரி. அந்த ஆளும் மூன்று நாளாக ஒரே பாட்டைத்தான் பாடினார். அவர்களுடையது இம்மி பிசகாமல் போகிறதாம். முதலில் உங்கள் ஆன்டெனாக்களைச் சரிபாருங்கள் என்று புத்தி வேறு சொன்னார்.

மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே மைதானத்தில் வரிசை வரிசையாக இருநூற்றைம்பத்தாறு ஆன்டெனாக்கள். வானத்துக்கு ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை எல்லாமாகச் சேர்ந்து பிடித்து, எது எங்கே பறக்கிறது என்று சொல்லிவிடும். கேபிள் ஒவ்வொன்றையும் அவரே சோதித்தாயிற்று. திரையில் அவர்கள் புள்ளி கோணல்மாணலாக வந்தது. இவர்களுடையது கோடு போட்ட மாதிரிப் போனது.

நாலு வருட உழைப்பு அவர்கள் சேட்டிலைட். அதைக் கட்டி முடிப்பதற்குள் மகள் எத்தனையாவது படிக்கிறாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மோதினால் தூள்தூள்தான்.

"பேசாம நாமளே கொஞ்சம் நகத்திட்டா என்ன மேடம்?" என்றார் ஆபரேட்டர்.

"ஒழுங்காப் போறவங்க எதுக்குங்க ஒதுங்கணும்? கண்ணு மண்ணு தெரியாம வர்றவங்க ஒதுங்கட்டும்."

சாயங்காலம் அதிகாரியே அழைத்தார். தப்பு எங்கள் மேல் இல்லை, உங்கள் நச்சரிப்புத் தாங்காமல்தான் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வைக்கிறோம் என்றார். மறுநாள் காலை, நகர்த்தியாயிற்று என்று செய்தியும் வந்தது.

இரண்டும் தலைக்கு மேல் வந்தபோது மேடம் திரையைப் பார்த்தார். அவர்கள் புள்ளி அதே கோணல் பாதையில் வந்துகொண்டிருந்தது. வாய் கூசாமல் பொய் சொல்கிறார்களே என்று போனை எடுத்தார்.

"இருங்க மேடம்," என்றார் ஆபரேட்டர். "ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கறது நம்ம புள்ளி. நாம அதைத் தொடவே இல்லையே?"

திரும்பி வரும் அலையில் பெயர் இருக்காது. ஒரே ராக்கெட்டிலிருந்து ஒன்றாக இறங்கிய அந்த இரண்டில் எது யாருடையது என்று ஏவிய அன்றே திரையில் பெயர் போட்டது மேடம்தான். கண் மண் தெரியாமல் வந்தது யாருடையது என்று அந்த அதிகாரிக்கு இப்போது அவரே போன் போட்டுச் சொல்ல வேண்டும்.